பழைய கலிஃபோர்னியா வீட்டின் தரைக்குக் கீழே: கிரிப்பிள் வாலைச் சோதிப்பதும் பலப்படுத்துவதும்

ஓக்லாந்து, பெர்க்லி, சான் ஹோசேயின் பழைய தெருக்கள், லாஸ் ஏஞ்சலஸ் என்று கலிஃபோர்னியாவில் 1980-க்கு முன் கட்டிய மரவீட்டை வாங்குபவர்கள் சமையலறையைப் பார்க்கிறார்கள், பக்கத்துப் பள்ளியின் தரத்தைப் பார்க்கிறார்கள், தரைக்குக் கீழே குனிந்து பார்ப்பதில்லை. கான்கிரீட் தூணும் கம்பியும் அஸ்திவாரத்திலிருந்தே மேலே ஏறுவதை ஊரில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, வீடு அஸ்திவாரத்தோடு பிணைந்திருக்கிறதா என்ற கேள்வியே எழாது. இங்கே அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். பல பழைய வீடுகள் அஸ்திவாரத்தின் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கின்றன. சாதாரண நாட்களில் அதனால் ஒன்றும் ஆகாது. நிலம் பக்கவாட்டில் அசையும்போதுதான் சிக்கல்.

கீழே என்ன இருக்கிறது

வீட்டைச் சுற்றி ஒரு கான்கிரீட் சுவர், பெரும்பாலும் 6 முதல் 8 அங்குலத் தடிமன். அதன் தலையில் படுக்க வைத்த மரச்சட்டம் மட்சில். பழைய வீடுகளில் இது பெரும்பாலும் ரெட்வுட். மட்சில்லின் மேல் 16 அங்குலத்துக்கு ஒன்றாகக் குட்டையான ஸ்டட்கள், அதாவது செங்குத்துச் சட்டங்கள், நிற்கும். அவற்றின் தலையில் இரட்டைச் சட்டம், அதாவது டாப் பிளேட். இந்தக் குட்டைச் சுவருக்குத்தான் கிரிப்பிள் வால் என்று பெயர். உயரம் ஒன்றரை அடியும் இருக்கலாம், 4 அடியும் இருக்கலாம். டாப் பிளேட்டின் மேல் ஜாய்ஸ்ட்கள் என்ற தரைச்சட்டங்கள், அவற்றின் மேல் தரைப்பலகை. நடுவில் பியர் என்ற கான்கிரீட் பீடங்களின் மேல் நிற்கும் மரத்தூண்கள் தரையின் எடையைத் தாங்குகின்றன. இவை எல்லாவற்றையும் கொண்ட, குனிந்தும் தவழ்ந்தும் போக வேண்டிய இடம் கிரால் ஸ்பேஸ்.

எல்லா வீட்டிலும் கிரிப்பிள் வால் இருக்காது. சில வீடுகளில் ஜாய்ஸ்ட்கள் நேராக மட்சில்லின் மேலேயே உட்காரும். அப்படியானால் கீழே சொல்லும் ப்ளைவுட் வேலை உங்களுக்கு இல்லை. போல்ட்டும், ஜாய்ஸ்ட்டை மட்சில்லோடு பிணைக்கும் உலோக இணைப்பும் போதும். தரை முழுக்க கான்கிரீட் ஸ்லாப் என்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவைப்படாது.

ஏன் சரிகிறது

நிலநடுக்கத்தில் நிலம் நகர்கிறது. மேலே இருக்கும் கனமான வீடு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அந்த இழுபறி முழுவதும் நடுவிலிருக்கும் கிரிப்பிள் வாலில் விழுகிறது. ஸ்டட்கள் மேலும் கீழும் சில ஆணிகளால் மட்டுமே பிடிக்கப்பட்டிருக்கின்றன. நேராக அழுத்தும் எடைக்கு அது போதும். பக்கவாட்டில் தள்ளினால் ஒவ்வொரு ஆணியும் கீல் போல மடங்கும். உள்தட்டை உருவிவிட்ட தீப்பெட்டி உறையை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் எப்படிச் சாய்ந்து படுக்குமோ, அப்படித்தான் இந்தச் சுவரும் படுக்கும். வீடு இரண்டு, மூன்று அடி நகர்ந்து கீழே விழும். எரிவாயுக் குழாய் முறியும், கழிவுநீர்க் குழாய் முறியும், மின்கம்பி அறுந்து போகும். மேலே சுவரில் விரிசல்கூட இல்லாத வீடு குடியிருக்க முடியாததாகிவிடும்.

1971 சான் ஃபெர்னாண்டோ, 1983 கோலிங்கா, 1989 லோமா ப்ரியேட்டா, 1994 நார்த்ரிட்ஜ், 2014 தெற்கு நாப்பா என்று ஒவ்வொரு நிலநடுக்கத்திலும் இதே சேதம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. 2022 டிசம்பரில் வட கலிஃபோர்னியாவில் 6.4 அளவில் நடுங்கியபோது ரியோ டெல் ஊரில் வீடுகள் அஸ்திவாரத்தை விட்டு நகர்ந்தன. காரணம் தெரிந்த, கைக்கெட்டும் செலவில் தடுக்கக்கூடிய சேதம் இது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

தடுக்க மூன்று பிணைப்புகள் வேண்டும். மட்சில் கான்கிரீட்டோடு பிணைய வேண்டும், அதற்கு போல்ட். கிரிப்பிள் வால் சாயாமல் நிற்க வேண்டும், அதற்கு ப்ளைவுட். தரைச்சட்டம் கிரிப்பிள் வாலின் தலையோடு பிணைய வேண்டும். அதற்கு உலோக இணைப்பு. மூன்றில் எது விட்டுப்போனாலும் வீடு அந்த இடத்தில் நழுவும். போல்ட் மட்டும் போட்டுவிட்டு “ரெட்ரோஃபிட் செய்த வீடு”, அதாவது பலப்படுத்திய வீடு, என்று விற்கப்படும் வீடுகள் ஏராளம். அவற்றில் மட்சில் அஸ்திவாரத்திலேயே பத்திரமாக இருக்கும், வீடு மட்டும் அதன் மேலிருந்து சாயும்.

உள்ளே போவதற்கு முன்

முதலில் காகிதங்களைப் பாருங்கள். 1960-க்கு முன் கட்டிய வீட்டை விற்பவர், நிலநடுக்கப் பலவீனங்கள் பற்றிய ஒரு படிவத்தை நிரப்பித் தர வேண்டும். வீடு போல்ட் செய்யப்பட்டிருக்கிறதா, கிரிப்பிள் வால் பலப்படுத்தப்பட்டிருக்கிறதா, தண்ணீர் ஹீட்டர் சாயாமல் பட்டையால் கட்டப்பட்டிருக்கிறதா என்று அதில் கேள்விகள் இருக்கும். “தெரியாது” என்று குறிக்கவும் அதில் இடம் உண்டு, பலர் அதைத்தான் குறிப்பார்கள். “தெரியாது” என்பதை “இல்லை” என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பெஸ்ட் ரிப்போர்ட். கரையானையும் மர உளுப்பையும் தேடிப் பார்க்கும் உரிமம் பெற்றவர் எழுதித் தரும் அறிக்கை இது. செக்‌ஷன் 1 என்றால் இப்போதே மரத்தைத் தின்றுகொண்டிருக்கும் சேதம். செக்‌ஷன் 2 என்றால் இன்னும் சேதம் இல்லை, ஆனால் வரக்கூடிய சூழல்: மண் மரத்தைத் தொடுகிறது, குழாய் கசிகிறது என்பது போல. “உள்ளே போக முடியவில்லை” என்று எழுதியிருக்கும் பகுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியவை அவைதான்.

உள்ளே போகும்போது துணைக்கு ஒருவர் வெளியே நிற்கட்டும். முழுக்கைச் சட்டை, கையுறை, முழங்கால் பட்டை, தலைவிளக்கு, பி100 வடிகட்டி உள்ள மாஸ்க் அவசியம். எலி எச்சமும் பிளாக் விடோ சிலந்தியும் சகஜம். ஹீட்டர் குழாய்களின் மேல் வெள்ளைத் தாள் போலச் சுற்றியிருப்பது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். தொடாதீர்கள், கிழிக்காதீர்கள், உரசிக்கொண்டு தவழாதீர்கள். பீங்கான் குமிழ்களில் போகும் பழைய மின்கம்பி தெரிந்தால் அதையும் தொட வேண்டாம். எரிவாயு வாசனை வந்தால் உடனே வெளியே வாருங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: கூர்மையான ஆல் (துளையூசி) அல்லது பழைய ஸ்க்ரூடிரைவர், சுத்தியல், அளவு நாடா, மரத்தின் ஈரம் காட்டும் ஊசி மீட்டர், ஃபோன் கேமரா. சுவர்களைச் சுற்றி ஒரே திசையில் போய், ஒவ்வொரு 4 அடிக்கும் ஒரு படம் எடுங்கள். பிறகு பொறியாளரிடமோ ஒப்பந்ததாரரிடமோ பேசும்போது இந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

முதலில் மரமும் கான்கிரீட்டும்

உளுத்த மட்சில்லில் போல்ட் போட்டால் பயனில்லை. நட்டை இறுக்கும்போது மரம் நசுங்கும், ஆடும்போது கிழியும். ஆகவே பலப்படுத்தும் வேலைக்கு முன் மரத்தைச் சோதிக்க வேண்டும்.

துளையூசியை மட்சில்லிலும் ஸ்டட்டின் அடியிலும் அழுத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை மட்டும் இறங்கும், எடுக்கும்போது நார் நீளமாகப் பிய்ந்து வரும். உளுத்த மரத்தில் கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கும், துண்டு பொட்டெனக் குறுக்கே உடையும். ஈரமீட்டர் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால், உளுக்காவிட்டாலும் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது என்று பொருள். கழிவறை, குளியல்தொட்டி, சமையலறை சிங்க் இவற்றின் நேர் கீழும், வெளியே படிக்கட்டோ வராந்தாவோ சுவரைத் தொடும் இடமும், கூரை நீர் இறங்கும் மூலைகளும் முதலில் கெடும் இடங்கள்.

வீடுகளில் அதிகம் காணும் கரையான் இரண்டு வகை. மண்ணிலிருந்து வருவது கான்கிரீட்டின் மேல் பென்சில் தடிமனில் மண்குழாய் கட்டி ஏறும். குழாயை ஓரிடத்தில் உடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது. காய்ந்த மரத்திலேயே வாழும் வகை மண்குழாய் கட்டாது, மணல் போன்ற ஆறுபட்டைத் துகள்களைக் குவித்து வைக்கும்.

வெளியே மண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். மட்சில்லுக்கும் மண்ணுக்கும் நடுவே குறைந்தது 8 அங்குல கான்கிரீட் தெரிய வேண்டும். பூச்செடிக்காகக் கொட்டிய மண் பல வருடங்களில் உயர்ந்து மட்சில்லைத் தொட்டிருக்கும். அதை முதலில் வெட்டி எடுத்துச் சாய்வை வெளிப்பக்கம் திருப்பாமல் மரத்தை மாற்றினால், புது மரமும் அதே வழியில் போகும்.

உளுத்த மட்சில்லை மாற்றுவது தனி வேலை. சுவரை ஒரேயடியாகத் திறக்காமல் சுமார் 4 அடிப் பகுதிகளாக எடுத்து, ஜாய்ஸ்ட்களுக்குக் கீழே ஜாக்கும் தற்காலிகச் சட்டமும் கொடுத்து எடையைத் தாங்கிக்கொண்டு, பிரஷர் டிரீட்டட் மரத்தை (உளுக்காமலிருக்க ரசாயனம் ஏற்றிய மரம்) உள்ளே செலுத்துவார்கள். ஜாக்கால் வீட்டை உயர்த்தும் வேலை அல்ல இது. எடையை மாற்றிக்கொள்ள எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். அதிகம் தூக்கினால் மேலே பிளாஸ்டர் வெடிக்கும், கதவுகள் இறுகும். அனுபவம் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். டிரீட்டட் மரத்தின் செம்பு ரசாயனம் சாதாரண இரும்பை அரிக்கும் என்பதால், அதைத் தொடும் ஆணி, போல்ட், வாஷர் எல்லாம் ஹாட்-டிப் கால்வனைஸ் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது) செய்ததோ ஸ்டெயின்லெஸ்ஸோ ஆக இருக்க வேண்டும்.

அடுத்தது கான்கிரீட். ஸ்க்ரூடிரைவரால் கீறிப் பாருங்கள், சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலி நல்லது. மொத்தென்ற ஒலி, கீறினால் மணலாக உதிர்வது, வெள்ளை உப்பு பூத்து அதன் கீழே பொடியாவது இவையெல்லாம் கெட்ட அறிகுறிகள். மயிரிழை விரிசல் எல்லா வீட்டிலும் இருக்கும். கால் அங்குலத்தைத் தாண்டிய விரிசல், அல்லது விரிசலின் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் போயிருப்பது பொறியாளர் பார்க்க வேண்டியது. அஸ்திவாரமே கம்பி இல்லாத செங்கல் என்றால் அதில் போல்ட் போடுவதில் அர்த்தமில்லை. அங்கே அஸ்திவாரத்தை மாற்றுவது பற்றித்தான் பேச வேண்டும்.

எப்போது பொறியாளர் தேவை

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் பல நகரங்கள் ஸ்டாண்டர்ட் பிளான் செட் ஏ என்ற ஆயத்த வரைபடத்தை ஏற்றுக்கொள்கின்றன. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குத் தனி மாதிரி வரைபடம் உண்டு. இவற்றுக்குப் பின்னால் இருப்பது பழைய கட்டடங்களுக்கான மாநில விதிநூலின் ஏ3 அத்தியாயம். உங்கள் வீடு இந்த வரைபடத்துக்குள் அடங்கினால் தனிப் பொறியாளர் இல்லாமலேயே அனுமதி வாங்கலாம். எத்தனை அடிக்கு ஒரு போல்ட், எவ்வளவு ப்ளைவுட், எத்தனை இணைப்பு என்பதை மாடி எண்ணிக்கைக்கு ஏற்ப அதன் அட்டவணையே சொல்லிவிடும்.

கிரிப்பிள் வால் 4 அடிக்கு மேல் உயர்ந்தாலோ, இரண்டு மாடிக்கு மேல் இருந்தாலோ, அஸ்திவாரம் மோசமாக இருந்தாலோ பிளான் செட் ஏ பொருந்தாது. சரிவு நிலத்து வீடுகளுக்கும் பொறியாளர் வேண்டும். அங்கே சுவர் ஒரு பக்கம் குட்டையாகவும் மறுபக்கம் நெட்டையாகவும் இருக்கும். குட்டைப் பகுதி விறைப்பானது என்பதால் மொத்த விசையும் அங்கே குவிந்து அதை முதலில் உடைக்கும். கராஜுக்கு மேல் படுக்கையறை உள்ள வீட்டில் கராஜின் அகலமான வாயிலே பலவீனம். அதற்குத் தனித் தீர்வு உண்டு, இங்கே சொல்வது போதாது.

பொறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, வேலையையும் தானே செய்து தரும் நிறுவனத்தின் “இலவசப் பரிசோதனை”யை மட்டும் நம்பாதீர்கள். விற்பனையோடு தொடர்பில்லாத ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து வாங்கும் கருத்து வேறு தரத்தில் இருக்கும்.

போல்ட்

ஒரு மாடி வீட்டுக்குப் பொதுவாக அரை அங்குல போல்ட், 6 அடிக்கு ஒன்று. இரண்டு மாடி என்றால் இன்னும் நெருக்கமாகவோ, 5/8 அங்குல போல்ட்டாகவோ வரும். மட்சில்லின் ஒவ்வொரு துண்டின் முனையிலிருந்தும் 12 அங்குலத்துக்குள் ஒரு போல்ட் இருக்க வேண்டும். நீளமான சுவரில் மட்சில் இரண்டு மூன்று துண்டுகளாக இருக்கும். இணையும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து இருபுறமும் போல்ட் போடுங்கள். அதிகம் மறக்கப்படுவது இதுதான். ஒவ்வொரு போல்ட்டுக்கும் 3 அங்குலம் x 3 அங்குலம் x கால் அங்குலச் சதுர இரும்பு வாஷர் வேண்டும். சிறிய வட்ட வாஷர் மரத்துக்குள் புதைந்து, மட்சில் நீளவாக்கில் பிளக்க இடம் கொடுக்கும்.

நல்ல கான்கிரீட்டில் விரியும் வகை ஆங்கர் போல்ட் போதும். பழைய, சற்று மென்மையான கான்கிரீட்டில் அது விரியும்போது விளிம்பை உடைத்துவிடும். அங்கே எபாக்ஸி என்ற பசையில் ஒட்டும் திருகுக்கம்பிதான் சரி. எபாக்ஸிக்குத் துளை கம்பியைவிட 1/8 அங்குலம் பெரிதாக இருக்கும்: அரை அங்குலக் கம்பிக்கு 5/8 அங்குலத் துளை. ஆழத்தைத் தயாரிப்பாளரின் அட்டவணையும் உங்கள் வரைபடமும் சொல்லும்.

துளையிட்டதும் செய்ய வேண்டியது: காற்றால் ஊது, கம்பி பிரஷால் தேய், மறுபடி ஊது. தூசி இருந்தால் எபாக்ஸி தூசியைப் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. இழுத்தால் கம்பி முழுசாகக் கையோடு வரும். கார்ட்ரிட்ஜின் காலாவதித் தேதியைப் பாருங்கள். முனையிலிருந்து முதலில் வரும் எபாக்ஸி ஒரே நிறமாகும்வரை வெளியே பிதுக்கித் தள்ளுங்கள். துளையின் அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே வந்து, கம்பியைச் சுழற்றியபடி இறக்குங்கள். இறுகும் நேரம் வெப்பநிலையைப் பொறுத்தது. கிரால் ஸ்பேஸின் குளிரில் அது நீளும். அதற்கு முன் நட்டை இறுக்கக் கூடாது.

கான்கிரீட் துளைக்கும்போது வரும் சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கேடு. மாஸ்க் இல்லாமல் ஒரு துளைகூட வேண்டாம்.

கிரிப்பிள் வால் மிகக் குட்டையாக இருந்தால், அல்லது இல்லவே இல்லை என்றால், மேலிருந்து செங்குத்தாகத் துளைக்க ரோட்டரி ஹேமருக்கு, அதாவது கான்கிரீட் துளைக்கும் கருவிக்கு, இடம் இருக்காது. சாய்வாகத் துளைத்து போல்ட்டை வளைத்துப் போடுபவர்கள் உண்டு, அது தவறு. அங்கே பக்கவாட்டுத் தகடு பயன்படுத்த வேண்டும். சிம்ப்சன் ஸ்ட்ராங்-டை நிறுவனத்தின் யுஎஃப்பி10 என்ற தகடு இதற்கானதே: கான்கிரீட்டின் பக்கவாட்டில் இரண்டு அரை அங்குல ஆங்கர், மட்சில்லின் பக்கவாட்டில் 3 அங்குல நீளமுள்ள ஐந்து ஸ்ட்ரக்சுரல் திருகுகள்.

மட்சில்லின் மேல் கட்டை

மட்சில் 2x6 ஆகவும் ஸ்டட் 2x4 ஆகவும் (அங்குலத்தில் சொல்லும் சட்ட அளவுகள்) இருப்பது சகஜம். அப்போது ஸ்டட்டின் உள்முகம் மட்சில்லின் விளிம்பிலிருந்து பின்தள்ளி நிற்கும். ப்ளைவுட்டை ஸ்டட்டில் அடித்தால் அதன் கீழ்விளிம்பில் ஆணி இறங்க மட்சில்லின் முகம் கிடைக்காது. கீழ்விளிம்பு ஆணி இல்லாத ப்ளைவுட் பாதி பலம்கூடத் தராது. ஆகவே ஸ்டட்களுக்கு நடுவே, மட்சில்லின் மேல் 2x4 கட்டைகளைப் படுக்க வைத்து, ஸ்டட் முகத்தோடு சமமாக்கி, கீழே மட்சில்லில் ஆணியடிக்க வேண்டும். ஆணிக்கு முன்துளை போடுங்கள். காய்ந்த ரெட்வுட் பிளக்கும், பிளந்த கட்டை எதையும் பிடிக்காது. போல்ட் விழும் இடைவெளியில் கட்டையையும் மட்சில்லையும் சேர்த்தே துளைத்து நீளமான போல்ட் போடுவது நல்லது. அதனால் எந்த இடைவெளியில் எது வரும் என்பதை போல்ட் வாங்கும் முன்பே குறித்துவிடுங்கள்.

ப்ளைவுட்

15/32 அங்குலம், ஸ்ட்ரக்சுரல் 1 தரம், ஐந்து அடுக்கு. ஆணி 8டி காமன்: இரண்டரை அங்குல நீளம், 0.131 அங்குலத் தடிமன். ஒவ்வொரு துண்டின் நான்கு விளிம்புகளிலும் 4 அங்குலத்துக்கு ஒன்று, நடு ஸ்டட்களில் 12 அங்குலத்துக்கு ஒன்று. விளிம்பிலிருந்து குறைந்தது 3/8 அங்குலம் உள்ளே. மேல் விளிம்பு ஆணிகள் இரட்டை டாப் பிளேட்டின் மேல் சட்டத்தில் இறங்க வேண்டும். கீழ்ச்சட்டத்தில் மட்டும் அடித்தால் விசை இரண்டு சட்டங்களுக்கு நடுவே நழுவிவிடும்.

பலகைகளை மூலைகளிலிருந்து தொடங்குங்கள். நான்கு சுவர்களிலும் வேண்டும். சுலபமாகப் போக முடிகிற இரண்டு சுவர்களில் மட்டும் போட்டால் மற்றத் திசையில் வீடு அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு பலப்படுத்திய பகுதியும் சுவரின் உயரத்தைப் போல் இருமடங்கு நீளமாவது இருக்க வேண்டும், 48 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு ஸ்டட் இடைவெளியிலும் மேலே ஒன்று, கீழே ஒன்றாக 2 முதல் 3 அங்குலத் துளை போடுங்கள். இல்லாவிட்டால் பலகைக்குப் பின்னால் ஈரம் தங்கி மட்சில்லை உளுக்க வைக்கும். பரிசோதகர் உள்ளே எட்டிப் பார்க்கவும் அது உதவும். இருக்கும் காற்றோட்டச் சாளரங்களை மூடாதீர்கள்.

காற்றழுத்தத் துப்பாக்கியால் அடிக்கும்போது ஆணியின் தலை பலகைக்குள் புதைந்து முதல் அடுக்கைக் கிழித்துவிடும். அந்த ஆணி கிழிந்த அளவுக்குப் பலம் இழந்துவிட்டது. அழுத்தத்தைக் குறைத்து, கடைசிச் சிறிதளவைச் சுத்தியலால் அடித்துத் தலையைப் பலகையோடு சமமாக்குங்கள். ட்ரைவால் திருகு பயன்படுத்தவே கூடாது: ஆணி வளையும், அந்தத் திருகு படக்கென முறியும்.

தரையோடு பிணைப்பு

ஜாய்ஸ்ட்கள் டாப் பிளேட்டில் சாய்வாக அடித்த இரண்டு மூன்று ஆணிகளால்தான் நிற்கின்றன. விளிம்பு ஜாய்ஸ்ட்டையோ, ஜாய்ஸ்ட்களுக்கு நடுவிலுள்ள கட்டையையோ டாப் பிளேட்டோடு எல்-வடிவ உலோக இணைப்பால் பிணைக்க வேண்டும். எல்70, எல்90, ஏ35 என்ற பெயர்களில் கிடைக்கும். ஜாய்ஸ்ட்களுக்கு நடுவே கட்டை இல்லாவிட்டால் வைத்துவிட்டுப் பிணைக்க வேண்டும். இணைப்பில் எத்தனை துளை உண்டோ அத்தனையிலும், அதன் அட்டவணை சொல்லும் ஆணியே இறங்க வேண்டும். ப்ளைவுட்டை முதலில் அடித்துவிட்டால் சில வகை இணைப்புகளுக்குக் கை போகாது. எந்த வகை என்று பார்த்து வரிசையைத் தீர்மானியுங்கள்.

நடுவிலுள்ள தூண்களைப் பியரோடும் மேலேயுள்ள உத்திரத்தோடும் உலோகப் பட்டையால் கட்டுவது நல்லதுதான். ஆனால் அது சுற்றுச்சுவர் வேலைக்கு மாற்று ஆகாது.

எவ்வளவு வாங்குவது

40 அடிக்கு 30 அடி செவ்வகமான ஒரு மாடி வீடு, கிரிப்பிள் வால் 2 அடி உயரம், சுவர் நீளத்தில் பாதிக்கு ப்ளைவுட் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வரைபடத்தின் அட்டவணை வேறு அளவு சொன்னால் அதுவே முடிவு.

போல்ட்: 40 அடிச் சுவருக்கு 8, 30 அடிச் சுவருக்கு 6, மொத்தம் 28. மட்சில் இணைப்புகளுக்கும் கம்பி இருக்கும் இடத்தில் துளை தடுமாறுவதற்கும் சேர்த்து 35. வாஷரும் 35.

ப்ளைவுட்: 40 அடிச் சுவரில் இரு மூலைகளிலும் 8 அடி, நடுவில் 4 அடி, ஆக 20. 30 அடிச் சுவரில் இரு மூலைகளிலும் 8 அடி, ஆக 16. நான்கு சுவருக்கு 72 அடி. 4x8 பலகை ஒன்றை நீளவாக்கில் அறுத்தால் 2 அடி அகலத்தில் 16 அடி கிடைக்கும். கணக்குப்படி நாலரைப் பலகை, சேதத்தோடு 6.

கட்டை: 72 அடியில் 16 அங்குலத்துக்கு ஒன்றாக 54 இடைவெளி. ஒவ்வொன்றும் சுமார் பதினாலரை அங்குலம். 8 அடி 2x4 ஒன்றில் ஆறு வரும், ஆக 9 சட்டம் போதும், 11 வாங்குங்கள். பழைய வீட்டில் ஸ்டட்டின் இடைவெளி ஒன்றுபோல் இருக்காது. ஒவ்வொன்றையும் அளந்து எழுதி, வெளியே அறுத்து, எண் போட்டு உள்ளே கொண்டுபோங்கள்.

8டி ஆணி சுமார் 600. ப்ளைவுட் துண்டுகளின் இணைப்பு ஸ்டட்டின் நடுவில் விழ வேண்டும் என்பதையும், துண்டு கிரால் ஸ்பேஸின் வாயிலில் நுழைய வேண்டும் என்பதையும் அறுப்பதற்கு முன் பாருங்கள். வாயில் பல வீடுகளில் 18க்கு 24 அங்குலம்தான்.

அனுமதி, பணம், ஒப்பந்ததாரர்

நகர அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். பரிசோதகர் போல்ட்டையும் ஆணி வரிசையையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான், பின்னாளில் வீட்டை விற்கும்போதும் காப்பீட்டிலும் உங்கள் வேலைக்கு இருக்கும் ஒரே சாட்சி.

எர்த்க்வேக் பிரேஸ் பிளஸ் போல்ட் என்ற மாநிலத் திட்டம், குறிப்பிட்ட ஜிப் கோடுகளில் 1980-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு 3,000 டாலர் வரை மானியம் தருகிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கூடுதல் உதவியும் உண்டு. பதிவு ஆண்டு முழுவதும் திறந்திருக்காது. ஏற்றுக்கொண்ட கடிதம் வருவதற்கு முன் வேலையைத் தொடங்கினால் மானியம் கிடையாது. பெர்க்லியில் வாங்குபவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: வீடு கைமாறும்போது கட்டும் வரியில் மூன்றில் ஒரு பங்கு வரை இந்த வேலைக்காகத் திரும்பப் பெறலாம். அதற்கும் காலக்கெடு இருக்கிறது, வீடு உங்கள் பெயருக்கு மாறும் வாரத்திலேயே நகர அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்ததாரரின் உரிம எண்ணை மாநில உரிம வாரியத்தின் தளத்தில் சரிபாருங்கள். வீட்டு வேலைக்கு முன்பணமாக ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் கேட்கக் கலிஃபோர்னியாவில் சட்டம் அனுமதிப்பதில்லை. கேட்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம். விலைப்பட்டியலில் “போல்டிங்” என்று ஒற்றை வரி இருந்தால் போதாது. எத்தனை போல்ட், என்ன தடிமன், எத்தனை அடி ப்ளைவுட், எந்த எண் இணைப்பு எத்தனை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேரிடம் வாங்கினால் ஒருவர் பட்டியலில் எது விட்டுப்போயிருக்கிறது என்பது தானாகவே தெரியும். பெரும்பாலும் அது டாப் பிளேட் இணைப்பாகத்தான் இருக்கும்.

அதே அனுமதியில் தண்ணீர் ஹீட்டரையும் கட்டிவிடுங்கள்: உயரத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் ஒரு பட்டை, கீழ் மூன்றில் ஒரு பங்கில் ஒரு பட்டை, கீழ்ப்பட்டை கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து 4 அங்குலமாவது மேலே. வேலை முடிந்ததும் இறுதிப் பரிசோதனைச் சீட்டு, படங்கள், எபாக்ஸி ரசீது மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். கலிஃபோர்னியா எர்த்க்வேக் அதாரிட்டியின் நிலநடுக்கக் காப்பீடு வைத்திருந்தால், விதிப்படி பலப்படுத்திய பழைய வீட்டுக்குப் பிரீமியத்தில் 25 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. அதற்கு அவர்கள் கேட்கும் சரிபார்ப்புப் படிவத்தை வேலை செய்தவரிடம் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்பே நிரப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.